பலாலியிலிருந்து ரொறன்ரோ வரை: வான்தூரத்தையும் பயண நேரத்தையும் சரியாகக் கணக்கிடுவது எப்படி?

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் கனடாவின் ரொறன்ரோவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், 13,725 கிலோமீற்றருக்குக் கிட்டிய ஓர் எண்ணும் 17 மணித்தியாலத்துக்குக் கிட்டிய ஒரு நேரமும் உடனே வரும். தூரம் சரி. ஆனால் அந்த 17 மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தவர் யாருமில்லை. அப்படி ஒரு நேரடி விமானமே கிடையாது.

இந்த எண்ணை நம்பி வான் வண்டி பேசுகிறார்கள், அக்கரையில் கூட்டிப்போக வருபவர் லீவு போடுகிறார், நீரிழிவு உள்ள அம்மாவுக்கு மருந்து எண்ணி வைக்கிறார்கள். பிறகு எல்லாமே பிசகிவிடுகிறது. அயலில் பலருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தும், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தும் வந்ததில், பிழை எப்போதும் ஒழுங்கில்தான் தொடங்குகிறது என்பதைக் கண்டிருக்கிறேன். தூரம் முதலில், பாதை அடுத்து, பறக்கும் நேரம் மூன்றாவது, கடிகார மாற்றம் நாலாவது, தரையில் கழியும் நேரம் கடைசி. இந்த ஒழுங்கைக் குலைக்காதீர்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பயண விபரம் முழுவதும் உள்ள ரிக்கற் பிரதி. தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி போதாது. அதில் இடைத்தங்கல் பெரும்பாலும் இருக்காது. எந்த விமான நிலையத்தில் இறங்கி எதிலிருந்து ஏறுகிறீர்கள் என்பதும் இருக்காது.

சைன், கோசைன் உள்ள கணிப்பான். தொலைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் பல கைபேசிகளில் அது வரும். ஒரு தாள், ஒரு பேனை. பயணத் திகதி. திகதி எதற்கு என்றால், கனடாவின் பெரும்பகுதியிலும் பிரித்தானியாவிலும் வருடத்தில் இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவார்கள். திகதி தெரியாமல் போட்ட கணக்கு ஒரு மணித்தியாலம் பிழைக்கலாம்.

2. இரு முனைகளையும் விமான நிலையப் பெயரோடு எழுதுங்கள்

ஊர்ப் பெயர் போதாது. ரொறன்ரோவில் பியர்சன் இருக்கிறது, நகருக்குள் ஏரியோரமாக பில்லி பிஷப் இருக்கிறது. லண்டனில் ஹீத்ரோ, கற்விக், ஸ்ரான்ஸ்டெட் எனப் பல. மலிவு ரிக்கற்றுகளில் ஹீத்ரோவில் இறக்கி கற்விக்கில் ஏறச் சொல்லும் இணைப்புகள் வருவதுண்டு. இடையில் தெருவால் போக வேண்டும், பிரித்தானியக் குடிவரவைத் தாண்ட வேண்டும், அதற்கு விசா வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் பார்ப்பவருக்கு அது "லண்டனில் நாலு மணித்தியாலம்" என்றுதான் தெரியும்.

மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். யாழ்ப்பாணம் ஜேஏஎஃப், கட்டுநாயக்கா (கொழும்புக்குக் கிட்டிய சர்வதேச விமான நிலையம்) சிஎம்பி, சென்னை எம்ஏஏ, பியர்சன் வைவைஇஸட், ஹீத்ரோ எல்எச்ஆர். இறங்கும் குறியீடும் ஏறும் குறியீடும் வேறாக இருந்தால் அந்த இடத்தில் வட்டம் போட்டு வையுங்கள்.

எங்கள் பக்கத்து முனையிலும் கவனம் தேவை. வீடு யாழ்ப்பாணத்தில் என்பதற்காகப் புறப்படும் இடம் பலாலி ஆகிவிடாது. பெரும்பாலானோர் இன்றும் வான் வண்டியில் கட்டுநாயக்கா போய்த்தான் ஏறுகிறார்கள்.

3. அகலாங்கு, நெட்டாங்கு எடுப்பது

கணக்குக்கு வேண்டியவை நான்கு எண்கள்தான்: ஒவ்வொரு முனைக்கும் அகலாங்கு (வடக்கு–தெற்கு அளவு), நெட்டாங்கு (கிழக்கு–மேற்கு அளவு).

பலாலி: வடக்கு 9.7923, கிழக்கு 80.0701.
பியர்சன்: வடக்கு 43.6772, மேற்கு 79.6306.

புதிதாகப் போடுபவர் விழும் குழிகள் இரண்டும் இங்கேதான் இருக்கின்றன.

முதலாவது, பாகையும் கலையும். பலாலியின் அகலாங்கை 9 பாகை 47 கலை 32 விகலை என்றும் எழுதுவார்கள். அதை 9.47 என்று தட்டிவிடுகிறார்கள். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் 47-ஐ 60-ஆல் பிரிக்க வேண்டும். 32 விகலையை 3,600-ஆல் பிரித்து அதையும் சேர்த்தால் 9.792 வரும். ரொறன்ரோக் கணக்கில் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. பலாலி–சென்னைக் கணக்கில் 356 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 36 கிலோமீற்றர் பிசகும். அது பத்தில் ஒரு பங்கு.

இரண்டாவது, மேற்கு என்றால் கழித்தல் குறி. பியர்சனின் நெட்டாங்கு −79.6306. குறியை விட்டால் கணிப்பான் ஒரு மறுப்பும் சொல்லாமல் 3,770 கிலோமீற்றர் என்று விடை தரும். யாழ்ப்பாணத்தின் நெட்டாங்கு கிழக்கு 80, ரொறன்ரோவினது மேற்கு 80. எண் ஏறக்குறைய ஒன்றுதான், பக்கம்தான் வேறு. குறி இல்லாவிட்டால் எங்களுக்கு நேர் வடக்கே, கசகஸ்தானில் சீன எல்லைக்குக் கிட்டப் போய் நிற்பீர்கள். விடை நாலாயிரத்துக்குள் வந்தால் வேறெதையும் தேடாமல் இந்தக் குறியைப் பாருங்கள்.

4. நேர்த் தூரம்

பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதைதான் விமானத் தூரத்துக்கு அடிப்படை. கணிப்பான் பாகையில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சைன் 30 என்று தட்டினால் 0.5 வர வேண்டும். வேறு ஏதும் வந்தால் அது ஆரையனில் (கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு) இருக்கிறது. கணினி விரிதாள்களில் சைன், கோசைன் எப்போதும் ஆரையனையே கேட்கும். அங்கே போடுவதானால் ஒவ்வொரு பாகையையும் முதலில் ஆரையனாக மாற்றுங்கள்.

பிறகு இந்த ஒழுங்கில்:

நெட்டாங்கு வித்தியாசம்: 80.0701 − (−79.6306) = 159.7007.

இரண்டு அகலாங்குகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.1701 × 0.6906 = 0.1175.

இரண்டு அகலாங்குகளின் கோசைன்களையும் நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள்: 0.9854 × 0.7232 × (−0.9379) = −0.6684.

இரண்டையும் கூட்டுங்கள்: −0.5509. இதன் நேர்மாறு கோசைன் (கணிப்பானில் cos⁻¹) 123.43 பாகை.

அதை 111.195-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 13,725 கிலோமீற்றர். 111.195 என்பது பூமியின் சராசரி ஆரை 6,371 கிலோமீற்றர் என்று கொண்டால் ஒரு பாகைக்கு வரும் நீளம். பூமி சரியான கோளமாக இல்லாததால் விடை அரை வீதம் வரை விலகலாம். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டில்லை.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கணிப்பானே தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வட துருவம் போய் அங்கிருந்து ரொறன்ரோ இறங்குவதாக வையுங்கள். துருவம் வரை 90 − 9.79, அதாவது 80.21 பாகை. துருவத்திலிருந்து ரொறன்ரோ 46.32 பாகை. கூட்டினால் 126.53, பாகைக்கு 111 என்று பெருக்கினால் 14,000 கிலோமீற்றர் சொச்சம். மிகக் குறுகிய பாதை இதைவிடக் கூடாது. 13,725 இதற்குள் அடங்குகிறது. இன்னொரு வரம்பும் நினைவில் இருக்கட்டும்: பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 20,015 கிலோமீற்றருக்கு மேல் இல்லை.

விமானத் துறையினர் கடல்மைலில் பேசுவார்கள். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர், சாதாரண மைல் 1.609. ஒரே தூரம் 7,411 கடல்மைல் என்றும் 8,528 மைல் என்றும் வரும். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம்.

5. அந்தக் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள்

சுவரில் தொங்கும் உலகப்படத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்குக் கோடு கீறினால் அது அரபிக்கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று மேற்கே போகும். படம் தட்டையாக இருப்பதால் வரும் மயக்கம் இது. ஒரு பந்தில் இரண்டு புள்ளி வைத்து நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் மேலே ஏறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

உண்மையான குறுகிய கோடு பலாலியிலிருந்து வடக்கிலிருந்து சற்றே மேற்கு நோக்கிக் கிளம்புகிறது. இந்தியா, பாகிஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யா என ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி 72 பாகை வடக்கையும் கடந்து, கிறீன்லாந்து வழியாகக் கனடாவுக்குள் இறங்குகிறது.

இதை ஏன் பார்க்க வேண்டும் என்றால், வான்வெளி எல்லாருக்கும் திறந்திருப்பதில்லை. 2022 பெப்ரவரிக்குப் பிறகு கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடியிருக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஒரே இரண்டு நகரங்களுக்கு இடையே இரண்டு நிறுவனங்களின் பறப்பு நேரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேறுபட இதுவும் ஒரு காரணம்.

6. ரிக்கற்றில் உள்ள பாதையைக் கண்ணி கண்ணியாகப் பிரியுங்கள்

இனி நேர்க்கோட்டை விட்டுவிட்டு நீங்கள் உண்மையில் ஏறும் விமானங்களுக்கு வாருங்கள். கட்டுநாயக்காவிலிருந்து கட்டாரின் டோஹா வழியாக ரொறன்ரோ என்று கொள்வோம். நாலாம் பகுதியின் கணக்கை ஒவ்வொரு கண்ணிக்கும் (ஒரு விமானத்தில் ஏறி இறங்கும் துண்டுக்கும்) போட்டால்:

கட்டுநாயக்கா – டோஹா: 3,612 கிலோமீற்றர்.
டோஹா – பியர்சன்: 10,878 கிலோமீற்றர்.
மொத்தம்: 14,490 கிலோமீற்றர்.

கட்டுநாயக்காவிலிருந்து நேர்க்கோடு 13,995. டோஹாவில் இறங்கி ஏறுவதால் கூடுவது ஏறக்குறைய 500 கிலோமீற்றர் மட்டும். ஹீத்ரோ வழியாகப் போனால் 8,715-உம் 5,708-உம் சேர்ந்து 14,423. அதுவும் கிட்டத்தட்ட அதேதான்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். "சுத்திப் போற ரிக்கற், வேண்டாம்" என்று ஒதுக்குகிறவர்கள் தூரத்துக்குப் பயப்படுகிறார்கள். தூரம் கூடுவதால் போகும் நேரம் முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. பயணத்தைத் தின்பது இடைத்தங்கல். 14,400 கிலோமீற்றர் பாதையில் 11 மணித்தியாலம் காத்திருக்கும் ரிக்கற்றைவிட, 14,490 கிலோமீற்றரில் இரண்டரை மணித்தியாலம் காத்திருக்கும் ரிக்கற் வயதானவருக்கு எவ்வளவோ மேல்.

7. பறக்கும் நேரம்

பெரிய ஜெற் விமானம் உயரத்தில் மணித்தியாலத்துக்கு 900 கிலோமீற்றருக்குக் கிட்டப் பறக்கும். அந்த 900-ஆல் நேரே பிரித்தால் நேரம் குறைவாக வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாக நடப்பவை. அத்தோடு நடு அகலாங்குகளில் உயரக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது துணைக்காற்று. குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும்.

ஆகவே நான் கொடுக்கும் விதி: மேற்கே போனால் தூரத்தை 850-ஆல், கிழக்கே வந்தால் 900-ஆல் பிரியுங்கள். விடையோடு 40 நிமிடம் கூட்டுங்கள். கட்டுநாயக்கா – ஹீத்ரோ 8,715 கிலோமீற்றர். 850-ஆல் பிரித்து 40 நிமிடம் சேர்த்தால் 11 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. நேரடி விமானத்தின் கால அட்டவணையும் அந்த அளவில்தான் இருக்கும். டோஹா – ரொறன்ரோ இதே விதியில் 13 மணித்தியாலம் 28 நிமிடம் வரும். எதிர்க்காற்றையும் பாதை வளைவையும் எண்ணி 14 என்று வையுங்கள்.

பலாலி – சென்னைக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே ஓடுவது சுழலி வைத்த ஏரிஆர் 72. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவுதான். 356 கிலோமீற்றருக்கு ஒன்றேகால் மணித்தியாலம் என்று கொள்ளுங்கள்.

இது ரிக்கற் வாங்குமுன் ஒப்பிடுவதற்கான கணக்கு. ரிக்கற் கைக்கு வந்தபின் அதில் அச்சிட்ட நேரமே முடிவு.

8. எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள்

ரிக்கற்றில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். அதிகாலை 4:00 கட்டுநாயக்காவில் கிளம்பி அதே திகதி பிற்பகல் 3:45 ரொறன்ரோவில் இறக்கம் என்று இருந்தால், பலர் கழித்துப் பார்த்து "பன்னிரண்டு மணித்தியாலந்தானே" என்கிறார்கள். வித்தியாசத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பி இன்னொரு பிழையும் விடுகிறார்கள்.

குழப்பமில்லாத வழி, எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC, எல்லா ஊர் நேரத்துக்கும் அடிப்படையான நேரம்) கொண்டுவந்து பிறகு கழிப்பது. இலங்கையும் இந்தியாவும் அதைவிட 5:30 முன்னே. டோஹா 3 மணித்தியாலம் முன்னே, டுபாய் 4. லண்டன் குளிர்காலத்தில் சமம், கோடையில் 1 முன்னே. ரொறன்ரோ குளிர்காலத்தில் 5 பின்னே, கோடையில் 4 பின்னே. முன்னே உள்ள ஊரின் நேரத்திலிருந்து கழியுங்கள். பின்னே உள்ள ஊரின் நேரத்தோடு கூட்டுங்கள்.

எப்போது மாறும் என்பதும் தெரிய வேண்டும். ரொறன்ரோவில் கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை. இடைப்பட்ட கிழமைகளில் ஒருவர் மாற்றியிருப்பார், மற்றவர் மாற்றியிருக்க மாட்டார். மார்ச்சிலோ ஒக்டோபர் கடைசியிலோ பயணம் என்றால் இரண்டு நாட்டையும் தனித்தனியே பாருங்கள்.

அதிகாலை 4:00-இலிருந்து 5:30-ஐக் கழித்தால் முந்தைய நாள் இரவு 10:30. திகதியும் பின்னுக்குப் போவதை மறக்காமல் எழுதுங்கள். அதேபோல ரிக்கற்றில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். அந்தச் சின்ன எண்ணைக் கவனிக்காததால் ஒரு நாள் முந்திப் போய்க் காத்திருந்தவர்கள் உண்டு.

9. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை

இதுதான் குடும்பத்துக்கு வேண்டிய விடை. யூலை 10 அதிகாலை 4:00 விமானத்தை உதாரணமாக வைத்து முழுத்தாளையும் எழுதுகிறேன். நேரங்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ரிக்கற் நேரத்தை அந்த இடங்களில் போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் உள்ளூர் நேரமும் பக்கத்தில் பொது நேரமும் இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வான் வண்டி புறப்பாடு: 9ஆம் திகதி பிற்பகல் 4:00. பொது நேரம் 9ஆம் திகதி 10:30.
கட்டுநாயக்காவில் உள்ளே போதல்: 10ஆம் திகதி அதிகாலை 1:00. பொது நேரம் 9ஆம் திகதி 19:30.
விமானம் கிளம்பல்: அதிகாலை 4:00. பொது நேரம் 9ஆம் திகதி 22:30.
டோஹா இறக்கம்: காலை 6:30. பொது நேரம் 10ஆம் திகதி 03:30.
டோஹா கிளம்பல்: காலை 8:45. பொது நேரம் 05:45.
ரொறன்ரோ இறக்கம்: பிற்பகல் 3:45. பொது நேரம் 19:45.
ஸ்காபரோவில் வீடு: மாலை 6:00. பொது நேரம் 22:00.

முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே 35 மணித்தியாலம் 30 நிமிடம். விமானங்களுக்குள் 19 மணித்தியாலம். மீதி பதினாறரை மணித்தியாலம் தெருவிலும் வரிசையிலும் கதிரையிலும் போகிறது.

வான் வண்டிக்கு ஏன் ஒன்பது மணித்தியாலம் விட்டேன் என்று கேட்பார்கள். வவுனியா, அனுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு வழியாக எட்டு மணித்தியாலம் பிடிக்கும். அதற்குள் தேத்தண்ணிக்கு ஒரு நிறுத்தமும் அடங்கும். மேலதிக ஒரு மணித்தியாலம் ரயர் காற்றுப் போனால், மழை பெய்தால், வழியில் மறித்தால். "பத்து மணிக்குள்ள கொண்டுபோய் விடுறன் அண்ணை" என்று சாரதி சொன்னாலும் புறப்படும் நேரத்தைப் பின்போட வேண்டாம். இரவோட்டத்தில் நேரம் பிடிப்பதற்காக அவர் விரட்டினால் உயிருக்கு ஆபத்து.

ரொறன்ரோவில் இறங்கிய நேரத்தையே அக்கரை உறவுகளுக்குச் சொல்லிவிடுவது இன்னொரு வழக்கமான பிழை. குடிவரவு, பெட்டி எடுப்பு, சுங்கம் எல்லாம் முடிய ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும். சக்கரநாற்காலி கேட்டிருந்தால் உதவியாளர் வரும்வரை விமானத்தில் இருக்க வேண்டி வரலாம். சக்கரநாற்காலியை ரிக்கற் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். விமான நிலையத்தில் போய்க் கேட்டால் தாமதம்.

10. பலாலி – சென்னை வழி

தெருப் பயணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று பலர் இதை விரும்புகிறார்கள், நியாயமும்தான். ஆனால் கணக்கு மாறும் இடம் ஒன்று உண்டு. சென்னை வரை ஒரு ரிக்கற், அங்கிருந்து இன்னொரு ரிக்கற் என்றால், முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பு உங்களுடையது. பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி பதிய வேண்டும். அதற்கு இந்தியக் குடிவரவைத் தாண்ட வேண்டும், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா தேவை.

ஆகவே தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் குறைந்தது ஆறு மணித்தியாலம் விடுங்கள். அடுத்த விமானம் நள்ளிரவுக்குப் பிறகு என்றால் பகல் முழுக்கக் கழியும். தங்க ஓர் அறை எடுப்பது வீண் செலவில்லை. சில வேளை கணக்கின் முடிவில் கட்டுநாயக்கா வழிக்கும் இதற்கும் மொத்த மணித்தியாலம் ஒன்றாகவே வரும். அப்போது நான் வயதானவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன். எட்டு மணித்தியாலம் வான் வண்டியில் குலுங்கிப் போய் விமானம் ஏறுவதைவிட, இடையில் படுத்தெழும்பிப் போவது உடம்புக்கு நல்லது.

11. முதல் நாள் சரிபார்ப்பும் கையில் கொடுக்கும் தாளும்

பிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான இலக்கத்தைத் தட்டி, முந்தைய ஒரு கிழமை அது உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். முதல் விமானம் வழக்கமாகப் பிந்துகிறது, இடைத்தங்கலும் குறுகியது என்றால், ரிக்கற் வாங்குமுன்பே இதைப் பார்த்திருப்பது நல்லது. வாங்கிவிட்டால், இறங்கியதும் அடுத்த வாசலுக்கு நேரே போகும்படி பயணியிடம் சொல்லிவையுங்கள்.

ஒன்பதாம் பகுதியில் எழுதிய தாளில் இரண்டு பிரதி எடுங்கள். அக்கரையில் கூட்டிப்போக வருபவருக்கு ஒன்றைப் படம் பிடித்து அனுப்புங்கள். அவருக்கு ரொறன்ரோ நேரம் மட்டும் போதும். பயணிக்குக் கொடுப்பதில் அந்தந்த ஊர் நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி எத்தனையாவது மணித்தியாலம் என்றும் எழுதுங்கள்: டோஹா இறக்கம் 17ஆவது, ரொறன்ரோ இறக்கம் 33ஆவது மணித்தியாலத்தைத் தாண்டி.

இன்சுலினோ பிரஷர்க் குளிசையோ எடுப்பவர் என்றால் இந்தத் தாளோடு பயணத்துக்கு ஒரு கிழமை முன்னரே மருத்துவரிடம் போங்கள். ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கடிகார நேரத்தை மட்டும் சொன்னால் அவராலும் சரியாகச் சொல்ல முடியாது. கழியும் மணித்தியாலமும் எந்த மணித்தியாலத்தில் சாப்பாடு கிடைக்கும் என்பதும் தெரிய வேண்டும். அவர் சொல்வதை அதே தாளில் அந்தந்த வரிக்கு நேரே எழுதி, மருந்தோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் போட வேண்டாம்.